அது உறைந்த நீர் அல்ல, இறுகிய பனி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூன்று வாரங்களுக்கு முன் தங்கள் ஞாயிறு இணைப்பில் அண்டார்க்டிகா பனிக்கட்டியைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. எட்டு லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய காற்றைப் பனிக்கட்டிக்குள்ளிருந்து எடுத்து, அதில் எவ்வளவு கரியமில வாயு இருந்தது என்று அளந்திருக்கிறார்கள் என்பதுதான் விஷயம். நல்ல கட்டுரை. ஆனால் நடுவில் ஒரு வாக்கியம்: "நீர் உறையும்போது அதில் கரைந்திருந்த காற்று குமிழிகளாகச் சிக்கிக்கொள்கிறது." படித்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன்.

அடுத்த வாரமே கடிதப் பகுதியில் ஒரு வாசகர் பிடித்துக்கொண்டார். தன் கடைக்கு வரும் ஐஸ் பாரிலும் குமிழி இருக்கிறது, அது குழாய்த் தண்ணீரில் இருந்த காற்று, அதை வைத்து ஊர்க் காற்றை அளக்க முடியுமா, எட்டு லட்சம் ஆண்டு என்பதெல்லாம் ஊகம் என்று எழுதியிருந்தார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. கட்டுரை சொன்னபடிதான் நடக்கிறது என்றால் அவர் கேட்டது நூற்றுக்கு நூறு சரி. கோளாறு கட்டுரையில் இருக்கிறது. இரண்டு வாரம் காத்திருந்தேன். தங்கள் தரப்பிலிருந்து திருத்தம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் விஞ்ஞானி இல்லை. தூத்துக்குடியில் மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் போடும் ஒரு கம்பெனியில் 34 வருடம் ஆப்பரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். 1981 டிசம்பரில் கோவாவிலிருந்து நம் நாட்டின் முதல் குழு அண்டார்க்டிகாவுக்குக் கப்பல் ஏறிய செய்தியைக் கத்தரித்து நோட்டில் ஒட்டினேன். அன்று தொடங்கிய பழக்கம். இப்போது ஒன்பதாவது நோட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. −10 டிகிரியைப் பிடித்து வைக்க அமோனியா கம்ப்ரசரோடு இரவு பகலாக மல்லுக்கட்டுகிறவனுக்கு, ரஷ்யர்களின் வோஸ்டாக் நிலையத்தில் 1983 ஜூலை 21 அன்று −89.2 டிகிரி பதிவானது என்ற செய்தி எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அங்கே இயந்திரம் ஓடுவதெல்லாம் சூடாக்குவதற்குத்தான்.

ஐஸ் பார் எப்படி உருவாகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தகரக் கேனில் தண்ணீர் பிடித்து, அமோனியா குழாய்கள் ஓடும் உப்புத் தண்ணீர்த் தொட்டியில் இறக்குவோம். (எங்கள் ஊரில் உப்புக்குப் பஞ்சமில்லை.) கேனின் சுவரை ஒட்டித்தான் முதலில் ஐஸ் கட்டும். பிறகு நாலா பக்கத்திலிருந்தும் உள்நோக்கி வளரும். வளரும்போது ஐஸ் தனக்குள் வேறெதையும் சேர்த்துக்கொள்ளாது. உப்பு, அழுக்கு, கரைந்த காற்று எல்லாவற்றையும் முன்னால் தள்ளிக்கொண்டே போகும். கடைசியாக நடுவில் மிஞ்சும் தண்ணீரில் அத்தனையும் குவிந்து அங்கேயே உறைந்துபோகும். பாரின் ஓரம் கண்ணாடி போலவும் நடு வெள்ளையாகவும் இருப்பது இதனால்தான். முழுதும் கண்ணாடியாக வேண்டுமென்றால், உறைந்து முடியும் வரை குழாய் வழியாகக் காற்றடித்துத் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்த வெள்ளைக் குமிழிகளில் இருப்பது தண்ணீர் தன் விருப்பப்படி பொறுக்கி எடுத்து வைத்திருந்த காற்று. வெளிக்காற்றில் ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்கு. தண்ணீரில் கரைந்த காற்றில் அது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். கரியமில வாயு இன்னும் மோசம். சோடா பாட்டிலைத் திறந்தவர்களுக்குத் தெரியும், அந்த வாயுவுக்கும் தண்ணீருக்கும் அவ்வளவு சிநேகம். சுத்தமான தண்ணீர் 0 டிகிரியில் வாங்கி வைத்துக்கொள்ளும் காற்றில் கரியமில வாயுவின் விகிதம், வெளிக்காற்றில் இருப்பதைப் போல ஐம்பது மடங்குக்கு மேல். இப்படிப்பட்ட குமிழியை அளந்து பழைய வானத்தைச் சொல்ல முடியாது. கடைக்கார வாசகர் சொன்னது இதைத்தான்.

ஆனால் துருவத்தில் காற்றை அளக்க எடுக்கிற ஐஸ் ஒரு நாளும் தண்ணீராக இருந்ததில்லை. நான் இவ்வளவு தூரம் வந்து சொல்ல வந்தது இந்த ஒரு வரிதான்.

கிழக்கு அண்டார்க்டிகாவில் டோம் சி என்று ஓர் இடம். கடல் மட்டத்துக்கு 3,200 மீட்டருக்கு மேல். பிரெஞ்சுக்காரர்களும் இத்தாலியர்களும் சேர்ந்து நடத்தும் கான்கார்டியா நிலையம் அங்கே இருக்கிறது. ஆண்டுச் சராசரி வெப்பநிலையே −54 டிகிரி. கோடையிலும் உருகும் பேச்சுக்கே இடமில்லை. ஆண்டு முழுதும் விழும் பனியை உருக்கிப் பார்த்தால் மூன்று சென்டிமீட்டர் தண்ணீர்கூடத் தேறாது. நம் ஊரில் ஐப்பசியில் ஒரே பிற்பகலில் அதைவிட அதிகம் பெய்துவிடும். அந்தத் துளிப் பனியின் மேல் அடுத்த ஆண்டுப் பனி, அதன் மேல் அதற்கடுத்த ஆண்டுப் பனி என்று சுமை ஏறிக்கொண்டே போகிறது.

மேல்பரப்பில் பனி ஒரு கன மீட்டருக்கு 350 கிலோ அளவில் இருக்கும். மீதியெல்லாம் காற்று. துகள்களுக்கு இடையில் காற்று தாராளமாக மேலும் கீழும் போய் வரும். ஆழம் கூடக் கூடத் துகள்கள் நெருங்கி, ஒன்றோடொன்று ஒட்டி, சந்துகள் குறுகுகின்றன. எடை 830 கிலோவைத் தொடும் இடத்தில் கடைசிச் சந்தும் அடைபட்டுவிடுகிறது. டோம் சியில் இது ஏறக்குறைய 100 மீட்டர் ஆழத்தில் நடக்கிறது. அப்போது உள்ளே இருந்த காற்று அப்படியே பூட்டப்பட்டுவிடுகிறது. எந்தத் தண்ணீரும் அதைப் பொறுக்கவில்லை, வடிகட்டவில்லை. அந்த நேரத்தில் வெளியே இருந்த காற்று எதுவோ அதுதான் உள்ளேயும். கனமான வாயுக்கள் அடியில் மிகச் சிறிதளவு கூடுதலாகத் தங்கும். அதையும் நைட்ரஜனின் ஐசோடோப்பை (அதே தனிமத்தில் எடை மாறிய அணுவை) அளந்து கழித்துவிடுகிறார்கள்.

இது வெறும் விளக்கம்தானே, சான்று எங்கே என்று கேட்கலாம். கொள்ளளவைப் பாருங்கள். தண்ணீர் 0 டிகிரியில் லிட்டருக்கு 30 மில்லிலிட்டர் காற்றைக்கூடத் தாங்காது. துருவ ஐஸ் ஒரு கிலோவை உருக்கினால் வருவது ஏறக்குறைய 90, 100 மில்லிலிட்டர். தண்ணீர் உறைந்து வந்த ஐஸ் என்றால் மூன்று மடங்குக் காற்று எங்கிருந்து வந்தது? இந்தக் கணக்கை ஒரு வெற்று சிகரெட் அட்டையில் போட்டுப் பார்த்த அன்று எனக்கு இரவு தூக்கம் வரவில்லை. (சிகரெட் என்னுடையது இல்லை, மருமகனுடையது.)

அந்தக் காற்று வெளியே வருவதைப் பார்த்த ஒருவருக்குத்தான் இதன் மதிப்பு முதலில் பட்டது. கிளோட் லோரியுஸ் என்ற பிரெஞ்சுக்காரர், 1965இல் அண்டார்க்டிகாவின் அடேலி கரையில் முகாமிட்டிருந்தார். ஒரு மாலை, துளையிட்டெடுத்த பழைய ஐஸ் துண்டை விஸ்கியில் போட்டிருக்கிறார்கள். துண்டு கரையக் கரைய, அழுத்தத்தில் இருந்த குமிழிகள் வெடித்து மேலே வந்தன. அதைப் பார்த்துக்கொண்டே, இது பழைய வானத்தின் மாதிரி ஆயிற்றே என்று அவருக்குத் தோன்றியது. மதுவுக்கு நான் ஆதரவாளன் இல்லை. ஆனால் எங்கள் கம்பெனி ஐஸை எத்தனையோ பேர் எதெதிலோ போட்டுக் குடித்திருக்கிறார்கள். ஒருவரும் குமிழியைப் பார்த்து யோசித்ததாகத் தெரியவில்லை.

எண்ணம் தோன்றியதற்கும் கையில் எண் கிடைத்ததற்கும் இடையில் இருபது ஆண்டு ஓடியது. வோஸ்டாக்கில் துளையிட்டவர்கள் சோவியத் காரர்கள், அளந்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள், ஐஸைச் சுமந்து வந்த விமானம் அமெரிக்காவுடையது. பனிப்போர் உச்சத்தில் இருந்த காலம் அது. (தமிழில் அந்தப் போருக்கு வைத்த பெயரே பனிப்போர் என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.) 1987இல் 1,60,000 ஆண்டுகளின் கணக்கு வெளியானது. 1999இல் அது 4,20,000 ஆண்டாக நீண்டது. 2008இல் டோம் சியின் ஐஸ் எட்டு லட்சம் ஆண்டைத் தொட்டது.

காற்றும் ஐஸும் ஒரே வயதல்ல என்பதையும் கட்டுரை விட்டுவிட்டது. சந்து அடைபடும் வரை காற்று மேலே இருக்கும் வானத்தோடு கலந்துகொண்டே இருக்கிறது அல்லவா? எனவே குமிழி பூட்டப்படும் நாளில், அதைச் சுற்றியுள்ள பனிக்கு ஏற்கெனவே வயதாகியிருக்கும். வோஸ்டாக் போன்ற வறண்ட இடத்தில், பனியுகக் காலத்தில், இந்த இடைவெளி ஆறாயிரம் ஆண்டு வரை போகிறது. பனி கொட்டும் இடத்தில் முப்பதே ஆண்டு. பாத்திரம் பாட்டன் காலத்தது, உள்ளே இருக்கும் மோர் பேரன் காலத்தது.

அப்படிப் பனி கொட்டும் ஓர் இடம்தான் கடைக்கார வாசகருக்கு நான் தரும் முக்கியமான பதில். அண்டார்க்டிகாவில் ஆஸ்திரேலியர்களின் கேசி நிலையத்துக்கு அருகில் லா டோம் என்றொரு பனிக்குன்று. அங்கே எடுத்த ஐஸில் 1006ஆம் ஆண்டு முதல் 1978 வரையிலான காற்று கிடைத்தது. 1996இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இதில் என்ன விசேஷம் என்றால், 1957, 1958 முதல் தென் துருவத்திலும் ஹவாய் தீவின் மவுனா லோவா மலையிலும் சார்லஸ் டேவிட் கீலிங் என்ற அமெரிக்க விஞ்ஞானி கருவி வைத்துக் காற்றை நேரடியாகவே அளக்கத் தொடங்கிவிட்டார். ஆக, இருபது ஆண்டுக் காற்றுக்கு இரண்டு கணக்கு: ஒன்று கருவி அன்றன்று எழுதியது, மற்றொன்று ஐஸ் தனக்குள் வைத்திருந்தது. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி உட்கார்ந்தன. கடையில் தராசைச் சோதிக்க முத்திரைப் படிக்கல்லை வைத்துப் பார்ப்பார்களே, அதே சோதனை. இதன் பிறகும் ஊகம் என்று சொன்னால் கடையில் எடை போடுவதும் ஊகம்தான்.

வயதுக் கணக்கையும் அவர்கள் ஒரே வழியில் போடுவதில்லை. பூமியின் காந்தப் புலம் ஏறத்தாழ 7,80,000 ஆண்டுகளுக்கு முன் தலைகீழானது. அந்தச் சமயத்தில் காந்தப் புலம் வலுவிழந்ததால் விண்வெளிக் கதிர்கள் அதிகம் இறங்கி, பெரிலியம் 10 என்ற அணு வானில் அதிகம் உண்டானது. டோம் சி ஐஸில் அது இருக்க வேண்டிய ஆழத்திலேயே அந்த அடையாளம் இருக்கிறது.

வாசகர் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. டோம் சி போன்ற இடத்தில் குமிழிகள் ஒரே நாளில் மூடுவதில்லை. ஒரு துண்டில் கிடைப்பது பல பத்தாண்டுகள், சில நேரம் பல நூற்றாண்டுகள் கலந்த காற்று. நடுவில் ஒரு சிறு காலத்துக்கு ஏறி இறங்கியது மழுங்கிப் போகலாம். இதை அந்தத் துறையினரே முதல் பக்கத்தில் எழுதிவிடுகிறார்கள்.

உருகினால் என்ன ஆகும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். எங்கள் கம்பெனியில் ஒரு மழைக்கால இரவு. கரண்ட் போயிற்று, ஜெனரேட்டர் கிளம்பவில்லை. ஐந்து மணி நேரம். பாதி கட்டியிருந்த பார்கள் உள்ளே இளகி, மின்சாரம் வந்ததும் மறுபடி உறைந்தன. காலையில் பார்த்தால் எடையும் அளவும் சரியாகத்தான் இருந்தன. ஏற்றிவிடலாம் என்றார் மேனேஜர். ஒரு விசைப்படகின் டிரைவர் பாரைக் குனிந்து பார்த்தார். உள்ளே வெள்ளையாக ஒரு வளையம் ஓடியது. "அண்ணாச்சி, இது செத்துப் பிழைத்த ஐஸ்" என்று சொல்லிவிட்டு, வேறு கொண்டு வரச் சொன்னார். துருவ ஐஸிலும் உருகியதற்கு அடையாளம் உண்டு, ஆனால் தலைகீழாக. கோடையில் மேலே சற்று உருகி மறுபடி உறைந்திருந்தால் அந்தப் பட்டை குமிழியின்றித் தெளிவாகத் தெரியும். விளக்கு மேசையில் வைத்துப் பார்த்து அந்தத் துண்டை ஒதுக்கிவிடுகிறார்கள். அதில் கரியமில வாயு தாறுமாறாக ஏறியிருக்கும். கிரீன்லாந்து ஐஸில் தூசியும் சுண்ணாம்பும் அதிகம். அவை உள்ளேயே கரியமில வாயுவை உண்டாக்கும் என்பதால் அந்த வாயுவுக்கு மட்டும் அண்டார்க்டிகா ஐஸைத்தான் நம்புகிறார்கள்.

ஆய்வுக்கூடத்திலும் தண்ணீரைக் கண்டால் பயம்தான். மீத்தேனை அளக்க ஐஸை உருக்கலாம், அது தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. கரியமில வாயுவுக்கு அது ஆகாது. காற்று நீக்கிய கலத்துக்குள், குளிரிலேயே, ஐஸை உலர்வாக நொறுக்க வேண்டும். சுவிட்சர்லாந்தின் பெர்னில் ஊசிகளால் குத்தி உடைக்கிறார்கள். ஆஸ்திரேலியர்கள் உள்ளே துருவிப் பற்கள் வைத்த உருளையில் போட்டுக் குலுக்குகிறார்கள். தேங்காய்த் துருவல் மாதிரி ஐஸ் துருவல் விழ, காற்று வெளியே வருகிறது. படம் பார்த்தபோது ஒரு நிமிடம் சமையலறை ஞாபகம் வந்தது.

ஆழத்தில் நடப்பது இன்னும் விசித்திரம். வோஸ்டாக்கில் 500 மீட்டருக்குக் கீழே குமிழிகள் மெல்ல மறையத் தொடங்கி, 1,250 மீட்டருக்குக் கீழே ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரிவதில்லை. அழுத்தம் தாங்காமல் காற்று, ஐஸின் மூலக்கூறுகள் கட்டிய கூண்டுகளுக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிடுகிறது. மேலே கொண்டுவந்து வைத்தால், நாளடைவில் குமிழிகள் மறுபடி தோன்றுகின்றன. இந்த மாறுதல் நடக்கும் ஆழத்திலிருந்து எடுத்த ஐஸ் தொட்டால் விரிசல் விடும். அதை உடனே அறுக்காமல் மாதக்கணக்கில் ஆற வைக்கிறார்கள். எங்கள் தொழிலில் ஐஸுக்கு ஓய்வு கொடுப்பது என்று ஒன்று கிடையாது, படகுக்காரர் கத்திக்கொண்டிருப்பார்.

கிடைத்த எண்களைக் கட்டுரையே சரியாகக் கொடுத்திருந்ததால் சுருக்கமாகச் சொல்கிறேன். எட்டு லட்சம் ஆண்டுகளில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 172 பங்குக்கும் 300 பங்குக்கும் இடையிலேயே ஏறி இறங்கியது. கடும் பனியுகத்தில் கீழே, இரண்டு பனியுகங்களுக்கு நடுவே வரும் இடைவெப்பக் காலத்தில் மேலே. தொழிற்புரட்சிக்கு முன் 280. கீலிங் 1958 மார்ச்சில் மவுனா லோவாவில் அளக்கத் தொடங்கியபோது 313. 2025 மே மாதத்தில் 430ஐத் தாண்டிவிட்டது. மீத்தேன், நூறு கோடியில் 700 பங்கு என்ற அளவிலிருந்து 1,900க்கு மேலே போயிருக்கிறது.

2025 ஜனவரியில் ஐரோப்பியக் குழு ஒன்று, கான்கார்டியாவிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர் தள்ளி, லிட்டில் டோம் சி என்ற இடத்தில் 2,800 மீட்டர் துளைத்து அடிப்பாறையைத் தொட்டது. பன்னிரண்டு லட்சம் ஆண்டுகளுக்குக் குறையாத ஐஸ். முன்பெல்லாம் 41,000 ஆண்டுக்கு ஒரு முறை வந்துபோன பனியுகம், ஏறத்தாழ பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன்பிருந்து ஒரு லட்சம் ஆண்டுக்கு ஒரு முறை என்று ஏன் மாறியது என்பதற்கு அதில் விடை தேடுகிறார்கள். என் கவலை வேறு. அந்த ஐஸை −50 டிகிரியிலேயே வைத்துக் கப்பலில் ஐரோப்பா வரை கொண்டுவந்தார்கள் என்று படித்தபோது, என்ஜின் அறையில் முறை பார்த்தவர் யாரோ, எத்தனை இரவு விழித்திருந்தாரோ என்றுதான் நினைத்தேன். ஏனென்றால் 2017 ஏப்ரலில் கனடாவின் எட்மன்டன் நகரில், இப்படித் துளையிட்டெடுத்த ஐஸைச் சேமித்திருந்த ஒரு குளிர் அறையில், குளிரூட்டும் அமைப்பு பழுதாகி வெப்பம் உள்ளேயே திரும்பியதில் 180 மீட்டர் ஐஸ் ஒரே வார இறுதியில் தண்ணீராகிவிட்டது. அதில் கனடாவின் பாஃபின் தீவிலிருந்து வந்த, 22,000 ஆண்டுகள் வரை பழமையான ஐஸும் இருந்தது. தரையில் குட்டைகள் தேங்கிக் கிடந்தனவாம். அந்தத் தண்ணீரும் சாதாரணத் தண்ணீர் மாதிரிதான் இருந்திருக்கும்.

கட்டுரையாளரை முழுதாகக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. நம் மொழியில் பனி என்றால் மார்கழி விடியலில் தலையில் இறங்குவது. மூடுபனியும் பனிதான், புல் நுனித் துளியும் பனிதான். வானத்திலிருந்து பஞ்சாக விழுவதை நாம் பார்த்ததில்லை. அதற்கும் பனி, ஃப்ரிட்ஜில் இருப்பதற்குப் பனிக்கட்டி என்று ஒப்பேற்றிவிட்டோம். பஞ்சாக விழுந்தது கட்டியாகும் வரை நடுவில் இருக்கும் நிலைக்குப் பெயரே இல்லை. நான் என் நோட்டில் அதற்கு இறுகுபனி என்று எழுதி வைத்திருக்கிறேன். இதைவிட நல்ல சொல் வாசகர்களிடம் இருந்தால் அனுப்பட்டும்.

தங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. இணைப்பில் அதே பக்கத்தில், அதே எழுத்தளவில், "நீர் உறையும்போது அதில் கரைந்திருந்த காற்று" என்பதை எடுத்துவிட்டு, "பனி இறுகும்போது அதன் இடுக்குகளில் இருந்த காற்று" என்று திருத்திப் போடுங்கள். கடைக்கார வாசகரின் கடை எங்கே என்று தெரியவில்லை. தூத்துக்குடிப் பக்கம் என்றால், ஒரு பாரை நீளவாக்கில் அறுத்து நடு வெள்ளையைக் காட்ட நான் தயார். ரம்பம் இன்னும் வீட்டில் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வு பெற்ற ஐஸ் கம்பெனி ஆப்பரேட்டர்,
தூத்துக்குடி